நாலாம் நம்பர் பொடி நின்ற காரணம்

புதுச்சத்திரம்
8.1.2024

கெங்கவல்லி, கலைமணி ஸ்டோர் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தங்கசாமி மூக்குப்பொடியில் நாலாம் நம்பர் நெய்ப்பொடியைத் தை மாதம் முதல் நிறுத்துகிறோம். இனிமேல் அந்தப் பொடிக்கு ஆர்டர் அனுப்ப வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள். நானே எழுதிவிடுகிறேன். நாலாம் நம்பருக்கு நெய் அதிகம், நெய் விலை உங்களுக்கே தெரியும். அதைக் கலந்துவிட்டு மிஷினைக் கழுவித் துடைத்துக் காயப்போட ஒரு முழு நாள் போகிறது. இல்லாவிட்டால் அடுத்த பொடியில் நெய் வாடை ஏறிவிடும். எச்சரிக்கைப் படம் போட்ட லேபிளைக் கொஞ்சமாக அடித்துத் தர பிரஸ்காரர் ஒத்துக்கொள்வதில்லை. இவ்வளவும் செய்தால், அந்தப் பொடியை வாங்குகிற ஊர் ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் ஊர். அந்த ஊரிலும் ஒரே கடை. அது உங்கள் கடை.

ஒன்றாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் வேண்டுமானால் சேலத்தில் ஏஜெண்டிடம் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் மில்லிலிருந்து நேராகப் பார்சல் வராது. மில்லுக்குப் போன் செய்யவும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
த. வசந்தாமணி
(தங்கசாமி அவர்களின் மனைவி)


கெங்கவல்லி
19.1.2024

முதலாளி அம்மாவுக்குக் கலைமணி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் பொங்கல் கழித்துக் கைக்கு வந்தது. மில்லில் எல்லாரும் நலம்தானே? ஐயா எழுதாமல் நீங்கள் எழுதியிருக்கிறீர்களே என்று முதலில் பயந்துபோனேன். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே மக்காச்சோளம் அறுப்பு நடக்கிறது. காட்டுக்குப் போகிற பெண்கள் காலையில் கடைக்கு வந்து, "இன்னும் பொடி வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ரெண்டாம் நம்பரைக் கொடுத்தால் காரம் என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு நெய்ப்பொடிதான் பழக்கம்.

நீங்கள் சொன்ன காரணங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். நெய் விலை ஏறினால் பொடி விலையை ஏற்றுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள். லேபிள் எல்லா நம்பருக்கும் ஒன்றுதான், நாலு என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தித்தான் இத்தனை வருஷம் அனுப்பினீர்கள். மிஷின் கழுவுகிற கதையும் எனக்குப் புரியவில்லை. நாலாம் நம்பரை மிஷினில் போடுவதே இல்லை, தாம்பாளத்தில் கொட்டிக் கையால்தான் பிசைகிறேன் என்று ஐயா சொல்லியிருக்கிறார்.

ஒரு பொடியை நிறுத்துகிறவர்கள் இலை கிடைக்கவில்லை என்பார்கள், கூலி கட்டவில்லை என்பார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வேறு கம்பெனிப் பொடியை வாங்கி வைப்போம். கடைக்காரிக்கு இது புதிதில்லை. ஆனால் இது அந்த மாதிரி தெரியவில்லை. வேறு காரணம் இருந்தால் நேராக எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தீ. கலைமணி


புதுச்சத்திரம்
30.1.2024

கலைமணி அவர்களுக்கு,

நேராக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

கலைமணி என்றால் ஆண்பிள்ளை என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சித்தப்பா மகன் ஒருவனுக்கும் அதே பேர்தான். "கலைமணிக்குப் பார்சல் போட்டாச்சா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். "கலைமணி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார். நானும் யாரோ வயசான கடைக்காரர், நல்ல மனுஷர் என்று நினைத்து, ஒரு வருஷம் தீபாவளிக்கு உங்களுக்கு வேட்டிகூட வைத்து அனுப்பியிருக்கிறேன். பார்சலில் கட்டும்போது அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன ஆடியில் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவர் போன் அடித்தது. எடுத்தேன். "ஐயா, இந்த வாட்டி நல்லா வந்திருக்கு" என்று ஒரு பெண் குரல். யாருங்க என்று கேட்டேன். "கலைமணிங்க" என்றீர்கள். என்ன நல்லா வந்திருக்கு என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டீர்கள். ஏன் வைத்தீர்கள்?

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். மூக்கு வேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் வந்தால் இலை காயப்போடுகிற களத்துக்குப் போய்விடுகிறார். என் எதிரில் பேசுவதே இல்லை. சட்டைப் பையில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காகிதத்தில் மடித்துக் கலைமணிக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். உங்கள் பார்சலை மட்டும் யாரையும் தொடவிடாமல் தானே கட்டுகிறார். தாம்பாளத்தில் பிசைகிறார் என்பது எனக்கே தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த மனுஷனுக்கு என்ன மூக்கு தெரியுமா உங்களுக்கு? இலையை மோந்து பார்த்து இது கிணற்றுத் தண்ணீர், இது வாய்க்கால் தண்ணீர் என்று சொல்வார். நான் தலையில் வைத்த பூ காலையில் கட்டினதா, நேற்று கட்டினதா என்று வாசலில் நின்றே சொல்வார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் சொந்தத்தில் நான் பெருமை அடித்துக்கொண்டேன். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது நான் பூ வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். குழம்பு எப்படி என்றால், "நல்லாருக்குது" என்பார். அன்றைக்கு அடுப்படியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பால் தீய்ந்து கருகி வீடெல்லாம் நாறுகிறது. நான் கொல்லையிலிருந்து ஓடி வருகிறேன். "ஏனுங்க, மோப்பமே தெரியலீங்களா?" என்றால், "கவனிக்கல அம்மிணி" என்கிறார். கவனம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

நாலாம் நம்பரை நிறுத்தச் சொன்னது நான்தான். சொன்ன அன்று அவர் சண்டை போட்டிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் மட்டும் செத்துப்போயிற்று.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. நல்ல குரல் உங்களுக்கு.

வசந்தாமணி


கெங்கவல்லி
6.2.2024

வசந்தாமணி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் தீர்த்தகிரியிடம் படித்துக் காட்டினேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அவர் கேட்டுவிட்டு, "உன்னையா? உன்னையவா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சாயங்காலம் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீங்கள் என்னைப் பற்றி எழுதியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் உங்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

உங்கள் வீட்டுக்காரரை நான் ரெண்டு தடவை பார்த்திருக்கிறேன். ரெண்டு தடவையும் சரக்கு வண்டியோடு வந்தார், டீ குடித்தார், போய்விட்டார். போனில் பேசினோம், வாஸ்தவம். எதைப் பற்றி என்று சொல்ல மாட்டேன். சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எடுத்த அன்று அதனால்தான் பயந்துபோய் வைத்தேன். பொட்டலத்தில் பொடி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அந்த வேட்டியைத் தீர்த்தகிரிதான் கட்டிக்கொண்டிருக்கிறார். வேண்டுமானால் துவைத்து அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்கள் ஊர்ப் பார்சலை நிறுத்தினால் நிற்பது நாலாம் நம்பர் மட்டும் இல்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

தீ. கலைமணி


புதுச்சத்திரம்
14.3.2024

கலைமணி,

என்ன செய்தீர்கள்?

குமாரபாளையத்திலிருந்து ரெண்டாம் நம்பர் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்திருக்கிறது. எங்களுக்குச் சோறு போடுகிற ஊர் அது. தறிக் குடோனில் நூல் பக்கத்தில் பீடி பற்ற வைக்க முடியாது, அதனால் தறிக்காரர்கள் எல்லாரும் பொடிதான். எங்கள் வேன் ஓட்டுகிற குழந்தைவேல் சரக்கைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றுகொண்டு, "பொடியா, அடுப்புச் சாம்பலான்னு கேக்கறாங்கக்கா" என்கிறான். போன வாரம் ஒன்றாம் நம்பரும் திரும்பிவிட்டது. நெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கிறதாம். ஒரு கடைக்காரர் பாக்கெட்டைப் பிரித்து என் மூக்கிலேயே நீட்டினார். எனக்கு என்ன தெரியும்? நான் பொடி போட்டதே இல்லை. தும்மல்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் இலை சரியில்லை என்கிறார். அப்புறம் மழை ஈரம் என்கிறார். மாசி மாதத்தில் ஏது மழை? நான் இன்னும் கேட்டால் எழுந்து களத்துக்குப் போய், கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சோறு போட்டால் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். மில்லை விற்றுவிடலாமா என்று நேற்று கேட்டார். அவர் தன் கையால் ஆரம்பித்த மில்.

பார்சல் நின்றால் தெரியும் என்று எழுதினீர்களே, உங்களுக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது? கடைக்காரர்களைத் தூண்டிவிட்டீர்களா? அவரிடம் ஏதாவது சொன்னீர்களா? என்மேல் இருக்கிற கோபத்தில் அவரைக் கெடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது நாலாம் நம்பர் என்றால் அனுப்பித் தொலைக்கிறேன். அவர் இப்படிப் படுத்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

வசந்தாமணி


கெங்கவல்லி
20.3.2024

வசந்தாமணி அம்மாவுக்கு,

வாக்கை மீறுகிறேன். மில்லை விற்கிறேன் என்று அவர் சொன்ன பிறகு இதை மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

உங்கள் வீட்டுக்காரருக்கு மோப்பம் கிடையாது. கொரோனா வந்து எழுந்ததிலிருந்தே கிடையாது. எல்லாருக்கும் திரும்பி வந்ததாம், அவருக்கு வரவில்லை.

அந்த வருஷம் எனக்கு வந்த நாலாம் நம்பர் கருகிப்போயிருந்தது. கருகல் வாடை அடிக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஐயா போன் செய்தார். நான் சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "கருகுன வாசம் எனக்குத் தெரியலீங்க. மூக்கு போயிருச்சுங்க" என்றார். மழை வரும்போல இருக்குது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அப்புறம், "நீங்க நல்லா மோந்து சொல்றீங்களே, இனிமே கலந்ததையெல்லாம் கொஞ்சங் கொஞ்சம் அனுப்பட்டுங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பார்சலின் அடியிலும் ஒன்று, ரெண்டு, மூன்று எல்லா நம்பரும் பொட்டலமாக வரும். நான் மோந்து பார்த்து, வறுப்பு அதிகம், நெய் பழசு, இது சரி என்று போனில் சொல்வேன். நான் சரி என்ற பிறகுதான் குமாரபாளையத்துக்குச் சரக்கு ஏறும். அந்தப் பொட்டலம் வருவதற்காகத்தான் நாலாம் நம்பரை அவர் நிறுத்தாமல் போட்டுவந்தார். எங்கள் ஊரில் நாலைந்து பெண்கள் கேட்பார்கள், மற்றபடி அது அவ்வளவு ஒன்றும் விற்காது.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்டிருக்கிறேன். "அவ எம்மூக்கப் பத்தி ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறாங்க. அவ கண்ணுல நான் கொறஞ்சு போயிருவனுங்க" என்றார். பால் தீய்ந்ததை அவரே என்னிடம் சொன்னார். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அன்றெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தாராம்.

இவ்வளவு எழுதிவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கும் உங்கள்மேல் பொறாமைதான். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. என்னிடம் சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பல்வலியைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஏனென்றால் நான் அவருக்கு யாரும் இல்லை. நான் என்ன நினைத்தால் அவருக்கு என்ன? உங்களிடம் மறைக்க அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்த்தபோது, என்னிடம் எதையாவது மறைக்க யாராவது ஒருநாள் இப்படிப் பாடுபட்டிருக்கிறார்களா என்று யோசித்தேன். தீர்த்தகிரி குடித்தாலும் சொல்வார், சீட்டில் தோற்றாலும் சொல்வார். என் முகம் எப்படிப் போகிறது என்றுகூடப் பார்க்க மாட்டார். உங்கள் கடிதத்துக்குச் சிரித்தாரே, அப்போது தெரிந்தது.

முந்தாநாள் ஐயாவிடமிருந்து கூரியரில் ஒரு டப்பா வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் நாமக்கல் போய் அனுப்பியிருக்கிறார். உள்ளே பொட்டலங்கள்தான். இன்னும் பிரிக்கவில்லை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

கலைமணி


புதுச்சத்திரம்
25.3.2024

கலைமணிக்கு,

உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் நின்று படித்தேன். படித்துவிட்டு வெகு நேரம் வீட்டுக்குள் போகவில்லை.

மூன்று வருஷமாக வைத்த குழம்பையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்குது, எப்படி இருக்குது என்று கேட்டு அந்த மனுஷனைக் கொன்றிருக்கிறேன். பூ வைத்துக்கொண்டு அவர் முன்னால் ரெண்டு தடவை வேண்டுமென்றே நடந்திருக்கிறேன், கலைமணி. இந்த வயதில். என்ன பூ என்று கேட்பார் என்று நடந்தேன். அவர் பேசாமல் இருந்ததும் எரிந்து விழுந்தேன். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்?

இதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. பொறாமை போகவில்லை, இன்னும் கூடத்தான் ஆகியிருக்கிறது. முன்னால் அவர் உங்களோடு சிரித்துப் பேசினார் என்று நினைத்தேன், அதைத் தாங்கிக்கொண்டேன். இப்போது அவர் அழுதால்கூட உங்களிடம்தான் அழுதிருப்பார் என்று தோன்றுகிறது. அவர் கஷ்டம் எனக்கு வந்திருக்க வேண்டியது. மூன்று வருஷம் அது கெங்கவல்லிக்குப் பார்சலில் போயிருக்கிறது.

நானே போய், எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால், கலைமணி காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று உடைந்துபோவார். எனக்கும் அது உங்கள் கையால் வாங்கினதாக ஆகிவிடும். அவர் வாயால் வரவேண்டும் எனக்கு. அவரே என்னைத் தேடி வந்து சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கிற வரைக்கும் அவர் என்னிடம் வரமாட்டார்.

அதனால் அந்த டப்பாவைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். இனிமேல் முடியாது என்று எழுதிவிடுங்கள். அவர் போன் செய்தால் எடுக்காதீர்கள். அவருக்கு நான் மட்டும் மீதியாக வேண்டும்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். சரக்கு இன்னும் கொஞ்சம் திரும்பினாலும் பரவாயில்லை.

வசந்தாமணி


கெங்கவல்லி
1.4.2024

வசந்தாமணி அம்மாவுக்கு,

டப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "எனக்குச் சளி, முன்ன மாதிரி வாசம் பிடிபடலை. வீட்டில் கேளுங்க, அவங்களைவிட உங்களுக்கு யார் இருக்காங்க" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தேன். ரெண்டு நாள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அடிக்கவில்லை.

உங்களுக்காகச் செய்யவில்லை. நீங்கள் சொன்னது சரி என்று பட்டது, செய்தேன். டப்பாவை மட்டும் ஒரு ராத்திரி வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்பினேன். எனக்குப் பார்சல் அனுப்புகிறவர் வேறு யாரும் கிடையாது. நான் சரி என்று சொன்னால்தான் ஒரு வேன் கிளம்பும் என்று இருந்தது. இனிமேல் பாக்குப் பொட்டலம் கட்ட வேண்டியதுதான்.

அவர் சொன்னாரா என்று எனக்கு எழுத வேண்டாம். அது உங்கள் வீட்டு விஷயம்.

கலைமணி


புதுச்சத்திரம்
22.4.2024

கலைமணிக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று பார்த்தேன். இன்னும் கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

டப்பா திரும்பி வந்த பிறகு ரெண்டு வாரம் அவர் களத்துக் கட்டிலிலேயே கிடந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பு எப்படி என்றும் கேட்கவில்லை. அதுதான், கலைமணி, எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது, வாய் பழகிவிட்டதே. சித்திரை பிறந்த மறுநாள் மத்தியானம் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் தட்டு, தட்டில் மூன்று பொட்டலம்.

"வசந்தா, இதக் கொஞ்சம் மோந்து பாரு" என்றார்.

"எனக்கென்னங்க தெரியும்? உங்க மூக்கு இருக்கறப்ப எம்மூக்கு எதுக்கு?" என்றேன். தெரியாதவளைப் போலப் பேச வேண்டும் என்று எத்தனை நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன் தெரியுமா?

தட்டை அம்மிமேல் வைத்துவிட்டார். "எம்மூக்கு போயிருச்சு அம்மிணி. கொரோனாவுலயே போயிருச்சு. உங்கிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன்" என்றார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆச்சரியப்படுகிற மாதிரி நடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எங்கே நடிப்பது? புளிக் கையோடு நானும் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு பேரும் அழுதோம். அந்த நேரத்திலும் பாருங்கள், உங்களிடமும் இதே மாதிரிதான் சொன்னாரா, உங்களிடம் குரல் இப்படி உடைந்ததா என்று ஒரு பக்கம் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். மழை வரும்போல இருக்குது என்கிற மாதிரி சொன்னார் என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. சந்தோஷமாக இருந்தது. என்ன பெண்பிள்ளை நான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"குழம்பு நல்லாருக்குதுன்னு சொன்னதெல்லாம்?" என்று கேட்டேன்.

"உம்மொகத்தப் பாத்துச் சொன்னேன்" என்றார். "நீ நல்லா வந்திருக்குதுன்னு நெனச்சா மொகத்துலயே தெரியும்."

இது எனக்குப் போதும், கலைமணி. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

அப்புறம் அந்தத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இதுல எது சரின்னு நீதான் சொல்லோணும். இனிமே நீதான் எனக்கு மூக்கு" என்றார். நான் எடுத்து மோந்தேன். முதல் பொட்டலத்துக்கே தும்மல். ரெண்டாவதுக்கும் தும்மல். மூன்றாவதுக்குக் கண்ணில் தண்ணீர். மூன்றும் எனக்கு ஒரே மாதிரி இருக்கிறது. கருகினது எது, நெய் சிக்கு எது, ஒன்றும் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு வருஷம் கழித்து என்னிடம் வந்திருக்கிற மனுஷனிடம், எனக்குத் தெரியலைங்க என்று எப்படிச் சொல்வேன்? "நடுவுல இருக்கறதுங்க" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. அன்று மத்தியானம் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். மில்லை விற்கிற பேச்சு நின்றுவிட்டது.

நடுப் பொட்டலத்தின் சரக்கு குமாரபாளையம் போக வேண்டும். லேபிள் வரவில்லை என்று சொல்லிக் குழந்தைவேலை நிறுத்தி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் நிறுத்த முடியும்? அது கருகினதாக இருந்துவிட்டால் அந்த ஊர் எங்களுக்குப் போயிற்று. அவருக்கும் என்னை விட்டால் ஆள் இல்லை என்று நானே செய்துவைத்திருக்கிறேன்.

நாலாம் நம்பரைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டார். கெங்கவல்லியில் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றேன். குழந்தைவேல் கொண்டு வருகிற பார்சலின் அடியில் அந்த மூன்று பொட்டலத்தையும் நானே வைத்துவிடுகிறேன், நடுப் பொட்டலத்தில் ஒரு புள்ளி இருக்கும். எது சரி என்று ஒரு துண்டில் எழுதி அவன் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். என்னிடம் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிய வேண்டாம்.

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உங்களிடம் கேட்க எனக்கு அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

வசந்தாமணி